எண் வரும்வரை

மார்க் போடுவதில் எனக்கு எப்போதும் கை தாராளம். என்னோடு வேலை பார்த்தவர்கள் கேலிகூடச் செய்வார்கள், அரை மார்க்குக்கு வழியில்லாத இடத்திலும் ஒரு மார்க் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிற ஆள் என்று. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஒரு பகுதியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி, சின்னச் சின்ன சிகிச்சை நிலையங்கள், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை எல்லாம் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றனவா, யார் உத்தரவு போடுகிறார், அந்த உத்தரவு கடைசி ஆள்வரை போய்ச் சேர்கிறதா என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். மருந்து வாடை வருகிற இடங்களில் வேலை என்றாலும் நான் நாடி பிடித்துப் பார்த்ததில்லை. தாள்களைத்தான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

விசாரணைக் குழுவில் இருக்கிற நீங்கள் மூன்று பேரும் என்னை மரியாதையாகத்தான் நடத்தினீர்கள். தண்ணீர் வைத்தீர்கள், மின்விசிறியைக் குறைத்தீர்கள். அதனால் நானும் இழுத்தடிக்கப் போவதில்லை. தலைவர் அம்மா எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். எழுதிக்கொள்கிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், பொறுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. அப்பா அம்மா போன பிறகு என்னோடு உரிமையாகச் சண்டை போட மிச்சமிருந்த ஒரே ஆள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஐம்பது நிமிஷத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, கைப்பிடி வயிற்றில் குத்திவிட்டது. காயமே தெரியவில்லையாம். தானே நடந்து சிகிச்சை நிலையத்துக்கு வந்திருக்கிறாள், புத்தகங்கள் நனைந்துவிட்டன என்று புலம்பிக்கொண்டு. மணி பத்து பத்து. பத்து இருபத்தைந்துக்கு அங்கே இருந்த டாக்டர், உள்ளே ரத்தம் கசிகிறது, இங்கே அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. அவளை ஏற்றியும் விட்டார்கள்.

ஆனால் வண்டி கிளம்ப முடியாது. அந்தப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கைப் பிரிவு, இடம் இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா என்று பார்த்து, ஐந்து இலக்கத்தில் ஒரு ஒப்புதல் எண் கொடுக்கும். கட்டுப்பாட்டு அறை அதை எழுதிக்கொண்ட பிறகுதான் சக்கரம் உருளலாம். இந்த விதியைப் போட்டவர் அந்தப் பகுதியின் ஒருங்கிணைப்பாளர். நர்ஸுகள் அவரை நம்பர் சார் என்பார்கள், அவர் காதுபடவே.

அன்றைக்கு எண் கொடுக்க வேண்டிய படுக்கைப் பிரிவு அதிகாரி, நம்பர் சார் கூட்டிய மாதாந்திரக் கூட்டத்தில் இருந்தார். கூட்டத்துக்குள் போன் கூடாது என்று வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைப்பார்கள். அவர் போனும் அந்தக் கூடைக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கூட்டத்தின் பொருள் என்ன என்று பிறகு பார்த்தேன். நோயாளிகளை அனுப்புவதில் காலதாமதத்தைக் குறைப்பது. எண் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. தங்கச்சி பன்னிரண்டு இருபதுக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வண்டி ஓடிக்கிட்டேதான் மச்சான் இருந்துச்சு. நின்ன எடத்துலயே."

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லப் போவதில்லை, இன்றைக்கும் எரிகிறது.

நாலு மாதம் கழித்து அந்தப் பகுதிக்கு மதிப்பீடு வந்தது. நானே கேட்டு வாங்கினேன். சம்பந்தப்பட்ட இடத்தில் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று குறித்தேன். அன்றைய தேதியில் அது பொய்யும் அல்ல. அவள் கல்யாணமாகிப் போனவள், பெயருக்குப் பின்னால் என் வீட்டுப் பெயர் கிடையாது. யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

பதிவேடுகளை எடுத்தேன். அந்த வருஷம் அனுப்பப்பட்ட நோயாளிகள் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லோருக்கும் ஒப்புதல் எண் இருந்தது, ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. எண் கிடைத்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை சராசரி ஐம்பத்து நாலு நிமிஷம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. என் தங்கச்சி அதில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. எண் கிடைத்தவர்தான் அனுப்பப்பட்டவர், அனுப்பப்பட்டவர்தான் பதிவேட்டில் ஏறுவார். எண்ணுக்குக் காத்திருந்து செத்தவர் எங்கும் அனுப்பப்படவே இல்லை, ஆகவே அவர் அந்தப் பதிவேட்டுக்குப் பிறக்கவே இல்லை. எத்தனை பேர் காத்திருந்து செத்தாலும் நூற்றுக்கு நூறுதான் வரும். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற யாருக்கும் இது புலப்படாது. நம்பர் சாருக்கும் புலப்படவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த வேலைக்கு அலுவலக வண்டியைத் தொடமாட்டார். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

அந்தச் சின்ன ஊர் சிகிச்சை நிலையத்துக்கும் போனேன். போகாமல் மார்க் போட முடியாது. அங்கே தலைமை நர்ஸாக இருந்த அம்மாளைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். நான் கிளம்பும்போது தடுப்பூசி அறைக்குள் கூப்பிட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு. எண்ணுக்குக் காத்திருந்து செத்தவர்களை அதில் எழுதி வைத்திருந்தார். வந்த நேரம், கேட்ட நேரம், செத்த நேரம், எண் வந்த நேரம். பதினோரு பேர். ஒன்பதாவது வரி என் தங்கச்சி. பெண், முப்பத்தாறு, வண்டி விபத்து. ஓரத்தில் சின்ன எழுத்தில், கடைசிவரை நினைவு இருந்தது, அண்ணனிடம் சொல்ல வேண்டாம் பயந்துபோவார் என்றாள், என்று இருந்தது.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பெரிய சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தாரா என்று தெரியாது.

"நாங்க சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க சார்" என்றார். "நீங்க எழுதினா கேப்பாங்க. இத வெச்சுக்குங்க."

வாங்கிப் பையில் வைத்தேன். எழுதுவதாகத்தான் வாங்கினேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு எண்ணம் கிடையாது. தலைவர் அம்மா, இதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுநாள் நம்பர் சார் என்னைச் சாப்பிட அழைத்துப்போனார். பழைய பழக்கம். முன்பும் அந்தப் பகுதியை மதிப்பிட்டிருக்கிறேன். என்னைக் கண்டால் அவருக்குப் பயம் கலந்த ஒரு பிரியம். "நீங்க எழுதின ஒரு வரியக்கூட நான் விட்டதில்ல சார்" என்று சொல்லிக்கொண்டே என் தட்டைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொன்னார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த நோட்டை அறிக்கையில் சேர்த்தால் என்ன ஆகும்? மார்க் குறையும். விளக்கம் கேட்பார்கள். நாலு பக்கத்தில் விளக்கம் எழுதுவார், நன்றாக எழுதுவார். விதியைத் திருத்துவார்கள். மிஞ்சிப்போனால் அவரை வேறு நாற்காலிக்கு மாற்றுவார்கள், அங்கே ஜன்னல் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். என் தங்கச்சிக்கு அவ்வளவுதானா விலை என்று மனசு ஒப்பவில்லை.

அப்போதுதான் அவர் பேச்சுவாக்கில் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு இருக்க ஒரு வீடு வாங்கியிருக்கிறாராம். மனைவிக்கு இதயத்தில் வால்வுக் கோளாறு, நகரத்துப் புகை ஆகவில்லை, அதனால் அந்த அம்மா மட்டும் ஏற்கெனவே அங்கே குடிபோய்விட்டாராம். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். தங்கச்சியின் ஊர்தான்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தொண்ணூற்றாறு மார்க் போட்டேன்.

இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்தேன். நான் யாரையும் தொடவில்லை. ஒரு விதியை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான். யார் போட்ட விதியோ அது அவர் வீட்டு வாசலுக்கே ஒரு நாள் போய்ச் சேரட்டும் என்று வழிவிட்டேன். நோட்டை என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். முன்மாதிரி என்று அறிக்கையில் ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். அதைப் பார்த்து பக்கத்தில் இன்னும் இரண்டு பகுதிகள் அதே விதியை எடுத்துக்கொண்டன. அதை நான் எதிர்பார்க்கவில்லை, மறுக்கவும் இல்லை.

பெரிய சிஸ்டர் போன் செய்வார். என்னாச்சு சார் என்பார். மேலே அனுப்பியிருக்கிறேன் என்பேன். இன்னும் இரண்டு பேர் சார் என்பார். வருத்தமாக இருக்கிறது என்பேன், அதுவும் உண்மைதான். ஒரு தடவை பிரசவத்துக்கு வந்த பெண், தாயும் போய் பிள்ளையும் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அன்று ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. இரண்டு நாள் அப்படி இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. அதன் பிறகு அவர் எண் வந்தால் எடுப்பதில்லை. அவர் இரண்டாவது நோட்டுப் போட்டார் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

அடுத்த வருஷ மதிப்பீட்டில் தொண்ணூற்றேழு போட்டேன். நம்பர் சார் மகிழ்ந்துபோய் அந்த ஊர் வீட்டுக்கு அழைத்தார். அவருடைய மனைவியை அன்றைக்குத்தான் பார்த்தேன். மெலிந்த உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. என்னைத் தம்பி என்றார். "இவருக்கு உங்களத் தவிர வேற பேச்சே கிடையாது தம்பி. ஆபீஸையே கட்டிக்கிட்டவரு, நான் சும்மா தொணைக்கு இருக்கேன்" என்று அவரை வாரினார். மாடிப்படி ஏறும்போது நாலாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். நான் கவனித்தேன். வீட்டிலிருந்து சிகிச்சை நிலையம் நடந்து போகிற தூரம்தான் என்பதையும் கவனித்தேன். அவர் மேல் எனக்குக் கடுகளவும் கோபமில்லை. நல்ல மனுஷி. கிளம்பும்போது சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்துவிட்டு, கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுத்தார்.

இந்த வருஷ மதிப்பீட்டுக்கு வருகிறேன். மூன்று நாளும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். நாலு பெண்கள், காதில் ஹெட்போன், சுவரில் பெரிய பலகை. எனக்கு மூலையில் ஒரு நாற்காலி. இரண்டாவது நாள், புதன்கிழமை, காலை பத்து நாற்பது. பலகையில் ஒரு வரி ஏறியது. அந்த ஊரின் பெயர், பெண், ஐம்பத்தெட்டு, நெஞ்சடைப்பு, வால்வு நோயாளி, எண் கேட்கப்பட்டது.

அந்த வயதில், அந்த நோயோடு, அந்த ஊரில் இன்னொருவர் இருந்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது. எழுந்து வராந்தாவுக்குப் போனேன். படுக்கைப் பிரிவு அதிகாரியைப் போனில் பிடித்து, மூன்று வருஷத்துப் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆட்கள் எல்லோரும் இப்போதே கூட்ட அறைக்கு வாருங்கள், நானும் வருகிறேன், ஒருவரும் வெளியே போகக் கூடாது என்றேன். மதிப்பீட்டாளர் கூப்பிட்டால் ஓடி வருவார்கள். ஓடித்தான் வந்தார்கள். போன்களைக் கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். நான் அங்கே போகவில்லை. திரும்ப வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்து ஐம்பத்தைந்துக்கு நம்பர் சார் வந்தார். பெரிய சிஸ்டர் அவருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. படுக்கைப் பிரிவில் மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை என்று எண் கேட்டுக்கொண்டிருந்த பெண் சொன்னாள். வண்டி வாசலில் தயாராக நிற்கிறது என்றும் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி கிளம்பிவிடும். அவ்வளவு அதிகாரம் அவருக்கு உண்டு. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்து நடந்து வந்தார்.

"சார், என் வீட்டுல... வண்டியில ஏத்திட்டாங்க. நம்பர் வரல. எடுக்கச் சொல்லவா?"

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மனைவி செத்துக்கொண்டிருக்கும்போது மதிப்பீட்டாளரிடம் அனுமதி கேட்கிற மனிதர்.

"அது உங்க அதிகாரம் சார்" என்றேன். "தாராளமா எடுக்கச் சொல்லுங்க. ஆனா நம்பர் இல்லாம ஒரு வண்டி போச்சுன்னு நான் எழுதித்தான் ஆகணும். அது யாருக்காகப் போச்சுன்னும் எழுதணும்."

குரலை உயர்த்தவில்லை. கனிவாகத்தான் சொன்னேன். அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். இத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டு தன் வீட்டு ஆளுக்கு மட்டும் எப்படி விதியை மீறுவது என்று நினைத்திருப்பார். அப்படி நினைக்கிற ஆள் என்று எனக்குத் தெரியும், அதை நம்பித்தான் அப்படிச் சொன்னேன். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நம்பர் வரட்டும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் அழ ஆரம்பித்தாள். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஐம்பது நிமிஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினொன்று நாற்பத்தைந்துக்கு, இனி எண் தேவையில்லை என்று ஊரிலிருந்து செய்தி வந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம். நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன், நிதானமாகச் செய்தேன். பெரிய சிஸ்டரின் இரண்டாவது நோட்டில் இருக்கிற இருபது பேரும், நம்பர் சாரின் மனைவியையும் சேர்த்து, நான் வாய் திறந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். பக்கத்து இரண்டு பகுதிகளில் எத்தனை பேர் என்று தெரியாது. அங்கே நோட்டுப் போட யாரும் இல்லை. இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

நம்பர் சார் இப்போது யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். காலையில் அலுவலகத்துக்கு வந்து, அந்தக் கட்டுப்பாட்டு அறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாராம். என் நெஞ்சு ஆறியதா என்று உங்கள் மூவரில் சின்னவர் கேட்டார். ஆறியது என்று சொல்லத்தான் ஆசை.

தலைவர் அம்மா, நேற்றிலிருந்து ஒரு ஃபைலை என் பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறீர்கள். நான் திறக்கவில்லை. திறக்க அவசியம் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை. பதினாலாவது பரிந்துரை: படுக்கை உறுதியாகாமல் நோயாளிகளை அலைக்கழிக்கிறார்கள், ஒப்புதல் எண் இல்லாமல் எந்த வாகனமும் புறப்படலாகாது. அடியில் இருப்பது என் கையெழுத்துதான். அதை நான் மறைத்ததில்லை, நீங்கள் கேட்கவில்லை.

அந்த அறிக்கை கையில் கிடைத்த அன்றைக்கு நம்பர் சார் என் அறைக்கு வந்து கேட்டார். "சார், உயிர் போற கேஸுக்கு மட்டும் நம்பர் இல்லாம விட்டுடலாமா?" என்று. அதற்கும் ஒரு பதில் சொன்னேன். ஒரு ஓட்டை வைத்தால் எல்லாக் கேஸும் உயிர் போகிற கேஸாகிவிடும், கூடவே கூடாது என்றேன். தலையை ஆட்டினார். டைரியில் குறித்துக்கொண்டு போய் அப்படியே உத்தரவு போட்டார்.

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் மேஜையைவிட்டு எழாதவன். அவர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர். எது நடக்கும் எது நடக்காது என்று அவருக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? முடியாது என்று என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தங்கச்சி இன்றைக்கு உயிரோடு இருப்பாள். அவளைக் கொன்றது அவர்தான். நான் எழுதியது வெறும் பரிந்துரை.